தங்கையைப் பார்க்க ஒரு குறுக்குவழி

நெட்டையனின் தங்கைக்குத் தாடை எலும்பு உடைந்தது ஒரு சின்ன விஷயத்துக்கு. கார் சாவியை எங்கே வைத்தாய் என்று கேட்டிருக்கிறார் அவள் கணவர். தெரியாது என்றிருக்கிறாள். அவ்வளவுதான். சாவி அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அது கைக்குத் தட்டுப்பட்ட பிறகும் மனிதர் நிறுத்தவில்லை. ஆரம்பித்ததை முடிக்க வேண்டும் அல்லவா, அப்படி ஒரு கடமை உணர்ச்சி. அவர் டயர்க் கடை வைத்திருந்தார். லாரிச் சக்கரத்தைத் தனியாளாகத் தூக்கி மாட்டுகிற கை அது. அந்தக் கையால் ஒரு பெண்ணின் முகத்தில் அடித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி போட்டுக் கட்டினார்கள். அங்கிருந்து அவள் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பெண்கள் காப்பகத்துக்குப் போனாள். சேர்த்துவிட்டது அவள் அண்ணன்தான். அண்ணனை அலுவலகத்தில் எல்லாரும் நெட்டையன் என்பார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் கதவு நிலையில் முதலில் தலையை இடித்துவிட்டுத்தான் வணக்கம் சொல்வான், அப்படி ஒரு உயரம். வலைத்தளங்கள் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் புரோகிராமர். அந்தக் காப்பகத்துக்கான தளத்தையும் அவர்கள்தான் செய்து கொடுத்திருந்தார்கள்.

காப்பகம் என்றால் ஒரே கட்டடம் இல்லை. நகரத்தில் அங்கங்கே பெயர்ப்பலகை இல்லாத வீடுகள். எந்தப் பெண் எந்த வீட்டில் இருக்கிறாள், சாப்பிட்டாளா, மருந்து எடுத்தாளா என்பதெல்லாம் தளத்தில் பதிவாகும். அந்தந்த வீட்டின் பொறுப்பாளர் பாஸ்வேர்ட் போட்டு, போனுக்கு வரும் ஓடிபியையும் போட்டால்தான் பார்க்கலாம். சொந்தக்காரர்களுக்கு முகவரி கிடையாது. அம்மாவுக்கும் கிடையாது, அண்ணனுக்கும் கிடையாது. இதில் காப்பகத்துத் தலைவி ரொம்பக் கறார்.

நெட்டையனுக்கு மட்டும் ஒரு குறுக்குவழி இருந்தது. தளத்தைக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டும் ஓடிபியும் போட்டு உள்ளே போக அலுப்புப்பட்டு, புரோகிராமில் ஒரு வரி எழுதி வைத்திருந்தான். தளத்தின் முகவரிக்குக் கடைசியில் ஒரு சொல்லைச் சேர்த்து அடித்தால் போதும், சர்வர் 'நீ யார்' என்றே கேட்காது. வந்திருப்பவர் பொறுப்பாளர்தான் என்று எடுத்துக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் திறந்து காட்டிவிடும். வேலை முடிந்ததும் அந்த வரியை எடுத்துவிட வேண்டும். அப்புறம் எடுத்துவிடலாம் என்று எல்லாப் புரோகிராமர்களும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். அந்த அப்புறம் வரவேயில்லை.

தங்கை உள்ளே போனபின் அதை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. தினமும் காலையில் அலுவலகத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்தச் சொல்லை அடிப்பான். 'காலை உணவு எடுத்துக்கொண்டார்.' 'இரவு அழுதார், பிறகு தூங்கினார்.' படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போடுவான்.

"நல்லா இருக்காளாடா?"

"நல்லா இருக்காம்மா. சாப்பிட்டுட்டா."

"உனக்கு எப்படிடா தெரியும்? யாருக்கும் சொல்லமாட்டாங்கன்னியே."

"கம்ப்யூட்டர்ல பாத்தேன். நான் எழுதினதுதானே, எனக்கு ஏது பூட்டு."

அம்மாவுக்கு அதைக் கேட்டால்தான் தொண்டையில் சோறு இறங்கும். அவனுக்கும் அப்படித்தான். பாசத்துக்காகச் செய்கிற திருட்டுத்தனம் திருட்டே இல்லை என்று அவன் நம்பினான். நம்மில் பலரும் நம்புகிறோம்.

குட்டு உடைந்தது ஒரு விடுமுறை நாளில். அலுவலகத்தில் சோதனைப் பிரிவில் ஓர் அக்கா உண்டு. தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு மற்றவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை தேடுவதுதான் அவர் வேலை. பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்து, பிறகு சோம்பேறித்தனத்தில் அதைப் பூதம் என்று சுருக்கிவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை. பூதம் அன்று காலை நெட்டையனுக்குப் போன் போட்டு வரச் சொன்னார். அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை.

"காப்பகத்து சைட்டுக்குள்ள ஒருத்தன் தினமும் வர்றான்," என்றார். "பாஸ்வேர்ட் போடல, ஓடிபி போடல. வந்தவன் பேரே இல்லாம பதிவாயிருக்கு. ஒரே ஒரு பொண்ணோட பக்கத்தை மட்டும் பாத்துட்டுப் போயிடறான். புருஷன்காரனாத்தான் இருக்கும். தலைவியம்மாவுக்குச் சொல்லிட்டேன். அந்தப் பொண்ணை இப்பத்தான் வேற வீட்டுக்கு மாத்தினாங்க."

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் நெட்டையன் பார்த்தான். பூதத்திடம் அது நடக்காது.

"அக்கா, அது நான்தான்."

பூதம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். அவன் விவரத்தை முழுக்கச் சொன்னான்.

"வேற யாருக்கும் அந்தச் சொல் தெரியாதுக்கா," என்று முடித்தான் அவன்.

"எனக்குத் தெரிஞ்சுடுச்சே."

"நீங்க புரோகிராமைப் படிச்சீங்க."

"உன் பிரவுசரைத் திறந்து முதல் எழுத்தை அடிக்கறதுக்குள்ள முழு முகவரியும் அதுவே எழுதிக் காட்டுது. நீ டீ குடிக்கப் போற நேரம் போதும், யார் வேணா பாக்கலாம்."

"இருந்தாலும் அண்ணன்காரன் பாக்கறதுல என்னக்கா தப்பு."

"வாசல்ல அண்ணன் நிக்கறானா, அவ புருஷன் நிக்கறானான்னு அந்தக் கதவுக்கு எப்படிடா தெரியும்? அது கேக்கறதே இல்லையே. கேக்காதேன்னு நீதானே சொல்லி வச்சிருக்க."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பூதம் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்த வரியை அவன் கையாலேயே அழிக்கச் சொன்னார். அதோடு விட்டாரா என்றால் இல்லை. உள்ளே இருக்கிற ஒவ்வொரு பக்கமும், கேட்பவர் யார், இந்தப் பெண்ணின் விவரத்தைப் பார்க்க அவருக்கு அனுமதி உண்டா என்று சர்வரிலேயே தனித்தனியாகக் கேட்டாக வேண்டும், பதில் சரியில்லை என்றால் திறக்கக்கூடாது, சந்தேகம் வந்தாலும் திறக்கக்கூடாது என்று மாற்றினார். ஏற்கெனவே உள்ளே நுழைந்து உட்கார்ந்திருந்த எல்லா இணைப்புகளையும் துண்டித்தார். ரகசியச் சாவிகளை மாற்றினார். கடைசியாக, நெட்டையன் நேரடியாகச் சர்வருக்குள் போகும் உரிமையையும் பிடுங்கிவிட்டார். இனி புரோகிராமில் ஒரு புள்ளி வைத்தாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் அது தளத்துக்குப் போகும்.

"என்னையே நம்பலையாக்கா?"

"என்னையும்தான் நம்பல. நான் எழுதினா நீ படிச்சு ஒப்புதல் குடுக்கணும். ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்தான்."

மத்தியானம் வேலை முடிந்தது. பூதம் தலைவியைப் பார்த்து நடந்ததைச் சொல்லக் கிளம்பினார். 'உன் பேரையும் சொல்லத்தான் செய்வேன்' என்று சொல்லிவிட்டே போனார். நெட்டையன் தன் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தளத்தின் முதல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தங்கை எந்த வீட்டுக்குப் போனாள் என்று இப்போது அவனுக்குத் தெரியாது. கூடப்பிறந்தவளைக் கண்ணில் காட்டாமல் ஒளித்துவிட்டார்கள் என்று கோபம் கோபமாக வந்தது.

அப்போது அம்மா போன் பண்ணினாள்.

"மாப்பிள்ளை வந்திருந்தாருடா. வாசல்ல நின்னு ஒரே அழுகை. புத்தி கெட்டுப் போச்சு அத்தை, ஒரு தடவை அவளைப் பாத்து மன்னிப்புக் கேக்கணும்னாரு. பாக்கவே பாவமா இருந்துச்சு."

"நீ என்னம்மா சொன்ன?"

"நான் ஒண்ணும் சொல்லலடா. எனக்கு என்ன தெரியும். எங்க இருக்கான்னு எங்களுக்கே சொல்லமாட்டாங்க, அவ அண்ணன்தான் ஆபீஸ்ல கம்ப்யூட்டர்ல தினமும் பாத்துக்கறான், அவனுக்குப் பூட்டே கிடையாது, இன்னைக்கும் அங்கதான் போயிருக்கான்னு சொன்னேன். உடனே கண்ணைத் தொடச்சுட்டுக் கிளம்பிட்டாரு. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

"எப்பம்மா போனாரு?"

"அப்பவே போயிட்டாரே."

நெட்டையன் போனை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினான். அலுவலகத்துக்குக் கார்டு தேய்த்துத் திறக்கும் கண்ணாடிக் கதவு உண்டு. ஒவ்வொரு தடவையும் கார்டைத் தேய்க்க அலுப்புப்பட்டு, கதவு சாத்தாமல் இருக்கத் தண்ணீர்க் கேனை முட்டுக் கொடுத்து வைப்பது அங்கே வழக்கம். அன்று காலை வைத்தது அவனேதான். கேனை அவன் நகர்த்துவதற்குள் ஒரு செருப்புக் கால் உள்ளே வந்துவிட்டது.

"சாப்பிட்டாச்சா மச்சான்?" என்றார் டயர்க்காரர்.

"வாங்க மாப்பிள்ளை," என்று நெட்டையன் வாய் தன் பாட்டுக்குச் சொன்னது. "உக்காருங்க."

தங்கை புருஷனுக்குக் கொடுக்கும் மரியாதை அப்படி ஊறிப்போயிருந்தது. அடுத்த அரை மணி நேரமும் அவன் அவரை 'ங்க' போட்டுத்தான் பேசினான். எனக்கு அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது.

டயர்க்காரர் கேனைக் காலால் உதைத்துத் தள்ளினார். கதவு சாத்திக்கொண்டது. கையில் அழுக்குத் துணி சுற்றிய ஒரு பொருள் இருந்தது. துணியைப் பிரித்தார். டயர் கழற்றும் லீவர், முழங்கை நீளம், இரும்பு.

"அவ எங்க?"

"எனக்குத் தெரியாதுங்க."

லீவர் முதலில் கம்ப்யூட்டர் திரையில் விழுந்தது. இரண்டாவது அவன் விலாவில். மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை. நெட்டையன் மடங்கி விழுந்தான். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்ததால் சத்தமும் பெரிதாகவே கேட்டது. டயர்க்காரர் அவனைக் காலரைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்து, அவன் இடது கையை இழுத்து மேஜைமேல் பரப்பி வைத்தார். அதன்மேல் முழங்காலை ஊன்றிக்கொண்டார்.

"வலது கை உனக்கு டைப் அடிக்க வேணும். அதைத் தொடமாட்டேன். நான் ஒண்ணும் அவ்வளவு மோசமானவன் இல்ல மச்சான்."

சுண்டுவிரலை லீவரின் தட்டையான முனைக்கு அடியில் கொடுத்து நெம்பினார். டயரைச் சக்கரத்திலிருந்து எடுப்பதுபோலத்தான், அவசரமே இல்லாமல். எலும்பு உடைகிற சத்தம் அவனுக்குக் கேட்டது. அவன் கத்தினான். ஆனால் சொல்லவில்லை. என் தங்கையை நான் காட்டிக் கொடுக்கமாட்டேன் என்று அந்த வலியிலும் மனசுக்குள் சொல்லிக்கொண்டான். தன்னை நினைத்து அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மோதிர விரலுக்கு அந்தப் பெருமை போதவில்லை.

நேற்றுவரை தங்கை இருந்த வீட்டின் தெருவையும் கதவு எண்ணையும் சொல்லிவிட்டான். அவளை மாற்றிவிட்டார்கள் என்பது நினைவில் இருந்ததா என்று அவனைக் கேட்டால், இல்லை. நடிக்கவில்லை, ஏமாற்றவில்லை. வலி நிற்க வேண்டும், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியிருந்தது.

டயர்க்காரர் தம்பிக்குப் போன் போட்டு இடத்தைச் சொன்னார். தம்பி வண்டியோடு ஏற்கெனவே தயாராகச் சுற்றிக்கொண்டிருந்தான். காத்திருக்கிற நேரத்தில் டயர்க்காரர் கீழே உருண்டு கிடந்த கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார். அவனுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். நெட்டையன் வாங்கிக் குடித்தான்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணே, அவ இல்ல. காலைலயே வேற எங்கயோ கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். வாசல்ல ஒரு காவல்காரம்மா, உள்ள விடமாட்டேன்னு குறுக்க நின்னுச்சு. தள்ளிவிட்டேன், படியில உருண்டு விழுந்துடுச்சு."

பின்னால் ஒரு பெண் வலியில் முனகுவது கேட்டது. யாரோ "கதவைச் சாத்து, கதவைச் சாத்து" என்று அலறினார்கள். டயர்க்காரர் போனை அணைத்தார்.

"என்னையே சுத்தவிடறியா?"

"சத்தியமா இல்ல மாப்பிள்ளை. காலைலதாங்க மாத்தினாங்க. புது வீடு எனக்குத் தெரியாதுங்க."

"உனக்குப் பூட்டே கிடையாதாமே. அத்தை சொன்னாங்க. திற."

பக்கத்து மேஜைக் கம்ப்யூட்டரின் முன்னால் அவனை நாற்காலியோடு இழுத்துப் போட்டார். நெட்டையன் வலது கையால் முகவரியை அடித்தான். கடைசியில் அந்தச் சொல்லைச் சேர்த்தான். சேர்க்கும்போது அவன் கை தயங்கவில்லை. திறந்துகொள் என்று மனசார வேண்டிக்கொண்டுதான் தட்டினான்.

'தொடர, உள்நுழையவும்' என்றது திரை.

மறுபடி அடித்தான். அதையே சொன்னது. இன்னொரு பெண்ணின் பக்கத்தை நேரடியாகத் திறந்து பார்த்தான். அதுவும் அதையேதான் சொன்னது. நேற்றுவரை ஒரு சொல்லுக்கு வாய் பிளந்து வழிவிட்ட தளம் இன்று கல்லாட்டம் நின்றது.

"என்கிட்டயே காது குத்தறியா?" என்று டயர்க்காரர் நடுவிரலை எடுத்துக்கொண்டார்.

இந்தத் தடவை சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை, தன் குரல்தான் கேட்டது. வாந்தி எடுத்தான். வலது கையால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இருங்க மாப்பிள்ளை, இருங்க. மறுபடி எழுதிடறேன். நான் எழுதினதுதான், ஒரே ஒரு வரி. எழுதிடறேங்க."

ஒற்றைக் கையால் புரோகிராமைத் திறந்தான். காலையில் தன் கையாலேயே அழித்த வரியை அதே இடத்தில் மறுபடி எழுதினான். கண்ணீரில் திரை மங்கலாகத் தெரிந்தாலும் எழுத்துப் பிழை ஒன்றுகூட வரவில்லை. பழகிய கை அல்லவா. அனுப்பு என்று பொத்தானை அழுத்தினான்.

'இன்னொருவர் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது.'

"யாரு அந்த இன்னொருத்தர்?"

"எங்க ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க. அவங்க சரின்னு சொல்லணுங்க."

"சொல்லச் சொல்லு. ஒரு வார்த்தை கூடக் குறையப் பேசினா மண்டை பிளந்துடும்."

நெட்டையனின் போனில் அழைத்து, அதை மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். பூதம் உடனே எடுத்தார்.

"என்ன தம்பி இது, இப்பத்தான் ஒப்புதல் கேட்டு எனக்கு வந்துச்சு. காலைல எடுத்ததை மறுபடி வச்சிருக்க?"

"ஒரு தடவை மட்டும் அக்கா. ஒப்புதல் குடுத்துடுங்க."

"அழறியா?"

"இல்லக்கா. என் தங்கச்சி எங்க இருக்கான்னு ஒரே ஒரு தடவை பாத்துட்டு நானே எடுத்துடறேன். உங்க கால்ல விழறேன்க்கா. நான்தானே கேக்கறேன்."

இது மிரட்டலுக்குப் பயந்து ஒப்புக்குச் சொன்ன வார்த்தை இல்லை. அந்த நேரத்தில் உலகத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது அந்த ஒப்புதல் ஒன்றுதான். தங்கையின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும், அவள் கிடைத்துவிட்டால் நம்மை விட்டுவிடுவார் என்றுதான் தோன்றியது.

"சரி. லேப்டாப் கார்ல இருக்கு. எடுத்துட்டு வந்து பண்றேன். கொஞ்சம் இரு," என்றார் பூதம்.

நெட்டையனுக்கு அப்பாடா என்று இருந்தது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. "பண்ணிடுவாங்க மாப்பிள்ளை, பண்ணிடுவாங்க," என்று அவருக்கு ஆறுதல் வேறு சொன்னான்.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டயர்க்காரர் லீவரை மடியில் வைத்துக்கொண்டு, "இப்ப?" "இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு தடவையும் நெட்டையன் பக்கத்தைப் புதுப்பித்துக் காட்டினான். கடைசியில் எழுத்து மாறியது.

'நிராகரிக்கப்பட்டது.'

டயர்க்காரருக்கு அதைப் படித்துக்காட்ட வேண்டியிருக்கவில்லை. எழுந்து லீவரை ஓங்கினார். தலைக்கு வந்த அடியைத் தடுக்க நெட்டையன் வலது கையைத் தூக்கினான். மணிக்கட்டு போனது. அடுத்தது தோளில், அடுத்தது முதுகில், அவன் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ளப் பார்த்தும் அந்த உயரத்துக்கு மேஜை போதவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த காலில் விழுந்தது. ஆரம்பித்ததை முடிக்காமல் விடுகிற மனிதர் இல்லை அவர்.

கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு போலீஸ் வந்தது. கார்டு இல்லாததால் உடைக்கத்தான் வேண்டியிருந்தது. முதலில் நுழைந்த போலீஸ்காரரின் முழங்காலில் டயர்க்காரர் லீவரை வீசினார். அவர் சுருண்டு கண்ணாடித் தூளின்மேல் விழுந்தார். பின்னால் வந்த மூன்று பேர் சேர்ந்து டயர்க்காரரைத் தரையோடு அழுத்தினார்கள். கன்னத்தில் கண்ணாடி குத்தி ரத்தம் வழிய, "என் பொண்டாட்டி, என் பொண்டாட்டி" என்று அவர் கத்திக்கொண்டேயிருந்தார். பொருளைத் தொலைத்தவன் கத்துவதுபோல இருந்தது.

ஆஸ்பத்திரியில் நெட்டையனுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. இரண்டு கையிலும் கட்டு, நெஞ்சைச் சுற்றிக் கட்டு. சொந்தக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். "உயிரே போனாலும் கூடப்பிறந்தவளைக் காட்டிக் கொடுக்கல பாரு," என்று சித்தப்பா வார்டு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். அம்மா பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் அதையே திரும்பச் சொன்னாள். நெட்டையன் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோலக் கிடந்தான்.

பூதமும் வந்தார். கூட்டம் கலைந்த நேரமாகப் பார்த்து வந்து உட்கார்ந்தார்.

"நான் மாட்டிக்கிட்டேன்னு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"குரல் சரியில்ல. அதான் போலீசுக்குச் சொன்னேன். அவங்க வாசலுக்கு வந்துட்டதாச் சொன்ன பிறகுதான் நிராகரிச்சேன்."

"குரல் நல்லா இருந்திருந்தா ஒப்புதல் குடுத்திருப்பீங்களா?"

"நீ சிரிச்சுக்கிட்டே கேட்டிருந்தாலும் குடுத்திருக்கமாட்டேன்," என்றார் பூதம். அவனிடம் அவர் வேறொன்றும் கேட்கவில்லை. போனில் அவன் கெஞ்சியதை யாரிடமும் சொல்லவும் இல்லை.

புருஷனையும் அவர் தம்பியையும் உள்ளே வைத்த பிறகு, தலைவியே காரில் தங்கையை அழைத்து வந்தார். அவர் கீழே காத்திருக்க, இவள் மட்டும் மேலே வந்தாள். தாடை கொஞ்சம் கோணலாகத்தான் கூடியிருந்தது. பேசும்போது ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. அண்ணனின் கையைப் பிடிக்க இடம் இல்லாததால் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்காகத்தானே அண்ணா இவ்வளவும்."

"புலி மாதிரி நின்னுருக்கான்டி," என்றாள் அம்மா.

"அந்தக் காவல்காரக்காவுக்குத் தோள்பட்டை எலும்பு உடைஞ்சுடுச்சு," என்றாள் தங்கை. "அந்த வீட்டையே காலி பண்ணிட்டாங்க. இடம் எப்படித் தெரிஞ்சுதுன்னு ஒரே விசாரணை. என் பக்கத்துக் கட்டில் பொண்ணு ஒருத்தி திருட்டுத்தனமா போன் வச்சிருந்தா. நீதான் வாயே திறக்கலையே, அதனால அவதான் யார்கிட்டயோ உளறியிருப்பான்னு வெளிய அனுப்பப் போறாங்க. அவளுக்குப் போக்கிடமே இல்லண்ணா. அவ புருஷன் இவரைவிட மோசம்."

நெட்டையன் கண்ணைத் திறந்தான். அவன் உள்ளே நுழைந்ததெல்லாம் சர்வரில் பதிவாகியிருந்தது. வாயால் சொன்னது எங்கேயும் பதிவாகவில்லை. அவன் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அவ இல்ல. நான்தான் சொன்னேன்."

"மருந்து மயக்கம்," என்றாள் அம்மா அவசரமாக. "ஏதோ பேத்தறான்."

"மயக்கம் இல்லம்மா. ரெண்டாவது விரல்ல சொல்லிட்டேன். அது பழைய வீடுன்னு எனக்கு அப்ப ஞாபகமே இல்ல. அப்புறம் புது வீட்டையும் திறந்து காட்டப் பாத்தேன். பழைய வழியை மறுபடி எழுதி, அக்காகிட்ட கெஞ்சினேன். அவங்க விடல. விட்டிருந்தா உன்னைக் குடுத்திருப்பேன்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கை அவன் இடது கைக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலைப் பிடித்திருந்த கையை எடுக்கவில்லை.

"அந்த ஆளு கையில மாட்டினா யாரா இருந்தாலும் சொல்லிடுவாங்கண்ணா," என்றாள் கடைசியில். "எனக்குத் தெரியாதா. எனக்கு உன்மேல கோபம் இல்ல."

நெட்டையன் அழுதான். துடைத்துவிட்டது அவள்தான்.

"ஆனா அந்தப் பொண்ணுக்காக நான் உன் பேரைச் சொல்லியாகணும். வேலைக்குக்கூட ஆபத்து வரலாம்."

"சொல்லு."

"இன்னொண்ணு. அவர் இன்னைக்கு உள்ள இருக்காரு, நாளைக்கு ஜாமீன்ல வந்துடுவாரு. நேரா உங்ககிட்டதான் வருவாரு. நான் எங்க இருக்கேன்னு உனக்கும் அம்மாவுக்கும் தெரியவே கூடாது. சாப்பிட்டேனா, தூங்கினேனான்னு பாக்கறதும் வேண்டாம். நானா போன் பண்ற அன்னைக்குப் பேசிக்கலாம்."

அவன் தலையசைத்தான். அவள் குனிந்து அவன் நெற்றியில் கையை வைத்துவிட்டு, அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

அம்மா கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கட்டிலைச் சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலும், அதற்கு வெளியே இரண்டு பக்கமும் பிரிந்து போகிற சாலையும் தெரியும்.

"எந்தப் பக்கம் போறான்னு மட்டும் பாத்துக்கறேன்டா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன்."

"வேண்டாம்மா. திரைய இழுத்து விடு."

"பெத்தவடா நான்."

"இழுத்து விடும்மா."

அம்மா திரையை இழுத்துவிட்டு அதைப் பிடித்தபடியே அழுதாள். கீழே கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பி வாசலைத் தாண்டிப் போனது. அது எந்தப் பக்கம் திரும்பியது என்று இருவருக்கும் தெரியாது.